ஒழுகின குழாயும் ரோஸ் பப்படமும்

புதிதாகக் கல்யாணமாகி வருகிற மாட்டுப்பெண் புக்ககத்தில் கொஞ்ச காலத்துக்கு வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். காரணத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. அனுபவப்பட்டவள் என்ற முறையில் நான் சொல்கிறேன். வாயைத் திறந்தால், அந்த வீட்டில் நெடுநாளாகக் கெட்டுக் கிடக்கிற ஏதோ ஒன்றை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

என் தலையில் கட்டப்பட்டது ஒரு தண்ணீர்க் குழாய். (“யாரும் கட்டலை, அவளாவேதான் போய்த் தலையைக் குடுத்தா” என்று என் மாமியார் கடைசிவரை எல்லாரிடமும் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.)

அறுபதுகளின் ஆரம்பம். பாலக்காட்டில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிய கையோடு எனக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அதனால் உலகத்தில் நடக்கிற சகலத்துக்கும் என்னிடம் விளக்கம் இருப்பதாக ஒரு நினைப்பு. பால் பொங்கி வந்தால் அது ஏன் பொங்குகிறது என்று விளக்க ஆரம்பிப்பேன். பாத்திரத்தை இறக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தோன்றும்.

புக்ககம் மட்டாஞ்சேரியில், பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். சுக்கும் மிளகும் மணக்கிற சந்து. மாமனார் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் வேலை பார்த்தார். இவர், அதாவது என் கணவர், வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. காலையில் படகேறிப் போனால் சாயங்காலம் படகில் திரும்புவார். வீட்டில் நாங்கள் நாலு பேர்தான்.

வீடு ஒரு காலத்தில் பெரிய வீடாக இருந்து, யாரோ இரண்டாகப் பிரித்து விற்றது. நடுவில் ஒற்றைச் செங்கல்லில் ஒரு மெல்லிய சுவர். அந்தப் பக்கம் சாந்தா பாய் என்ற கொங்கணி அம்மாள், தன் ஓரகத்திகளோடு பப்படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கொல்லையில் எப்போதும் பாய் விரித்துப் பப்படம் காயும். கல்யாணங்களுக்கெல்லாம் அவள் பப்படம்தான் போகும்.

கொச்சியில் கிணற்றைத் தோண்டினால் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் ஆலுவாவிலிருந்து குழாயில் வர வேண்டும். மாமனார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது படகில் வந்து குடத்துக்கு இவ்வளவு என்று விற்றதாம். அந்த ஞாபகம் அவரை விட்டுப் போகவே இல்லை. அவர் குளிக்கும்போது வெளியிலிருந்து கேட்டால் யாரோ மருந்து அளந்து ஊற்றுவது போல இருக்கும். குளியலறையின் மேல் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்திருந்தார். விடியற்காலையில் குழாயில் வேகமாக வரும்போது அது நிறையும். அதை வைத்துத்தான் அன்றையப் பொழுது.

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் தொட்டி மத்தியானத்துக்குள் காலியாகிக்கொண்டிருந்தது. கூடவே, சாந்தா பாய் வீட்டை ஒட்டின சமையலறைச் சுவர் ஈரம் கண்டது. மாமியார் அதை மறைக்க ஒரு காலண்டரை மாட்டினார். காலண்டரும் உப்பியது. தன் வீட்டுத் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்பது மாமனாருக்கு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது மாதிரி. சாப்பிடும்போது நடுவில் கையை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்ப்பார்.

உளுந்து கழுவுகிற தண்ணீரை அந்தப் பக்கத்துச் சுவரில் ஊற்றுகிறார்கள் என்பது அவர் கட்சி. “சாமியோட தொட்டி ஒழுகித்தான் என் மாவு பூசணம் பூத்துப் போறது” என்பது சாந்தா பாயின் கட்சி. (மாமனாரைத்தான் அவள் சாமி என்பாள்.) வாக்குவாதம் முற்றி, நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது.

குழாய் வேலைக்கு வறீது சேட்டன் என்று ஒருவர் வருவார். தோளில் ஒரு கோணிப்பை, அதில் உளி, சுத்தியல், சணல் நார், ஒரு பெரிய ஸ்பானர். நான் வந்த புதிதில் அவர் எங்கள் வீட்டுக் குழாயைத் தேடி இரண்டு மூன்று இடத்தில் தரையைத் தோண்டினார். ஒவ்வொரு குழியிலும் குனிந்து பார்த்து, மோப்பம் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்துக்கொள்வார்.

“லீக்கு இவிடெத்தான் உண்டாயிருந்தது. இப்போ மாறிப்போயி” என்பார்.

லீக்கு, அவர் வருவதைத் தெரிந்துகொண்டு இடம் மாறிவிடுகிறது! மூன்றாவது குழிக்குப் பிறகு மாமனார் தொண்டையைக் கனைத்தார். அவருடைய கோபம் முழுவதும் அந்தக் கனைப்பில்தான் இருக்கும்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“இதுக்கு எதுக்குத் தோண்டணும்? சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சுடலாமே.”

மாமியார் கரண்டியோடு நின்றார். “என்ன சத்தம்?”

“குழாய்க்குள்ள ஜலம் மோதினா ஒரு சத்தம் வரும், அம்மா. சுவர்ல காதை வெச்சுக் கேட்டா எங்கேன்னு தெரிஞ்சுடும். புஸ்தகத்துலயே இருக்கு.”

“ஏண்டி ஜயம், காலேஜ்ல இதெல்லாம்கூடச் சொல்லித் தராளா?” என்று மாமியார் வியந்தார். இவர் பெருமையோடு தன் அப்பாவைப் பார்த்தார். மாமனார் மோரை ஊற்றிக்கொண்டு, “கேக்கட்டும்” என்றார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை என்னை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியதில்லை.

மறுநாள் ஒரு பித்தளை டம்ளரைக் கவிழ்த்துச் சுவரில் வைத்து, அதன் அடியில் காதை ஒட்டவைத்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். வறீது சேட்டன் சுத்தியலோடு பின்னாலேயே வந்தார். மாமியார் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரிடத்தில் கேட்டது. தொக்... தொக்... தொக்... ஒரே சீராக, அழுத்தமாக. என் புத்தகத்தில் போட்டிருந்தது போலவே இருந்தது.

“இதான்! இங்கே உடைங்கோ.”

“நல்லா கேட்டோ?” என்றார் வறீது.

“நன்னாக் கேட்டாச்சு. உடைங்கோ!”

வறீது எதையும் மெதுவாகச் செய்கிறவர் அல்ல. உளியை வைத்து ஓங்கி அடித்தார். காரை உதிர்ந்தது. இன்னொரு அடி. ஒரு செங்கல் அசைந்தது. மூன்றாவது அடிக்கு அது எங்கள் பக்கம் விழாமல் அந்தப் பக்கம் விழுந்தது. தூசி அடங்கியதும் சுவரில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் வெளிச்சம். தொக் தொக் சத்தம் நின்றுபோயிருந்தது. சற்று நேரத்தில் வெளிச்சம் மறைந்து ஒரு கண் தெரிந்தது.

“ஆரா அது?” என்றது கண்.

“ஞானா சேச்சி, வறீது” என்றார் வறீது, ரொம்ப மரியாதையாக.

“நீ எந்தினா என் மாவு முறிக்குள்ள வந்தே?”

“ஞான் வரலை சேச்சி. சுவருதான் வந்து.”

அவள் மாவு முறி என்று சொன்ன அந்தப் பக்கத்து அறையில் பப்பட மாவை உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் உலக்கையைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

சத்தம் கேட்டு மாமனார் உள்ளே வந்தார். ஓட்டைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் சாந்தா பாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தது அப்போதுதான்.

“சாமீ, ஒரு கொல்லமா மிண்டாம இருந்துட்டு, இப்போ சுவரைப் பொளிச்சுத்தான் வர்த்தமானம் பறயணுமா?” என்றாள் சாந்தா பாய். (ஒரு வருஷமாகப் பேசாதவர் சுவரை உடைத்துக்கொண்டுதான் பேச வர வேண்டுமா என்கிறாள். நியாயமான கேள்வி.)

மாமனார் என் பக்கம் திரும்பி, “சிமெண்டு வந்ததும் அடைச்சுத் தரோம்னு அவாகிட்ட சொல்லு” என்றார்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறாள் அவள். இருந்தாலும் நான் ஓட்டைக்கு நேரே குனிந்து, “சிமெண்டு வந்ததும் அடைச்சுத் தராளாம்” என்றேன்.

“மோளே, எனக்குச் செவி கேக்கும்னு சாமிகிட்டே பறயூ” என்றாள் அவள்.

அதையும் சொன்னேன். வேறு என்ன செய்வது?

வறீது திங்கட்கிழமை சிமெண்டோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதுவரைக்கும் ஓட்டையில் ஒரு கோணித்துணியைத் தொங்கவிட்டோம். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லே இல்லாத அரிசி. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “விடு. சமையல் உள்ளுக்குக் கொஞ்சம் காத்து வரது” என்றார். அந்தக் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது. அதற்காகவே அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சின்னக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் எனக்கு மானம் போய்விட்டது. போன மானத்தைப் பௌதிகத்தால் மீட்க முடியாவிட்டால் ரசாயனத்தால் மீட்பது என்று தீர்மானித்தேன்.

“தொட்டில கொஞ்சம் சாயம் கலந்துடலாம், அப்பா. நம்மாத்துக் குழாய் எல்லாத்தையும் மூடிடலாம். எங்கே ஒழுகறதோ அங்கே கலர் வந்து காட்டிக் குடுத்துடும்.”

மாமனார் ஓட்டையில் தொங்கிய கோணித்துணியைப் பார்த்தார். “அதுக்குச் சுவரை உடைக்கணுமா?”

“வேண்டாம் அப்பா. சுவரைத் தொடவே வேண்டாம்.”

“அப்போ சரி.”

தண்ணீர் வாயில் போனாலும் கெடுதல் வரக்கூடாது என்று நான் ஜாக்கிரதையாக யோசித்து, தேங்காய் பர்பிக்குப் போடுகிற ரோஸ் பவுடரைத் தேர்ந்தெடுத்தேன். இவர் பஜாரில் வாங்கி வந்தார். ஒரு பொட்டலம் போதும் என்று சொல்லியிருந்தேன். வாங்கி வந்த பொட்டலத்தைப் பார்த்தால் ஊருக்கே பர்பி போடலாம் போலிருந்தது. (“சின்னது இல்லைன்னுட்டான்.”)

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்டா குண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம். குழாய்களை இறுக்கி மூடினோம். இவர் ஏணியில் ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்தார். நான் கீழே நின்றுகொண்டு, “ஒரு சிட்டிகை போடுங்கோ. போறலைன்னா அப்புறம் பார்த்துக்கலாம்” என்றேன்.

அவருக்குக் கேட்டது வேறு. நான், “அப்படியே போடுங்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொன்னதாக அவர் இன்றுவரை சாதிக்கிறார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் எங்களுக்குள் தீராத வழக்கு இது ஒன்றுதான். எப்படியோ, பொட்டலம் மொத்தமும் உள்ளே போனது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். தொட்டியில் செம்பருத்திப்பூவைக் கரைத்த மாதிரி இருந்தது.

பிறகு எல்லோரும் சமையலறையில் சுவருக்கு எதிரே உட்கார்ந்தோம். மாமனாருக்கு ஒரு நாற்காலி. மாமியார் மடியில் முறத்தோடு பயறு உரித்துக்கொண்டிருந்தார். இவர் அடிக்கடி போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, “குறையறது! நன்னாக் குறையறது!” என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொன்னார். குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது. ஆனால் சுவரில் ஒன்றும் காணோம். மாமனார் ஒருமுறை கனைத்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சுவரும் தரையும் சேருகிற மூலையில், காரை பெயர்ந்த இடத்தில், மஞ்சாடிமணி அளவுக்கு ஒரு ரோஸ் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காலணா அளவு ஆயிற்று.

“அப்பா! இதோ!”

மாமனார் எழுந்து வந்தார். குனிந்து விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். வறீதுக்கு ஓட்டை போட நான் காட்டிய இடத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. தரையை ஒட்டி ஏதோ பழைய குழாய் ஓடுகிறது, அதன் இணைப்பு துருப்பிடித்து ஒழுகுகிறது! கண்டுபிடித்தாகிவிட்டது. மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“பேஷ்” என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். மாமியாரைப் பார்த்தேன். பாலக்காட்டில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்கள் எல்லோரையும் மனசுக்குள் ஒரு சுற்று பார்த்து வந்தேன்.

அந்தச் சமயத்தில் ஓட்டையில் தொங்கிய கோணித்துணி அசைந்தது. ஒரு கை உள்ளே நீண்டது. உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மாவு உருண்டை. நல்ல ரோஸ் நிறம். கையும் மணிக்கட்டு வரை ரோஸ் நிறம்.

“இது எந்தா?” என்றது கைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமியார் மடியிலிருந்து முறம் நழுவிப் பயறு சிதறியது.

அடுத்த நிமிஷம் நாங்கள் நாலு பேரும் பக்கத்து வீட்டில் நின்றோம். அந்த மாவு அறையில் ஜன்னல் சின்னது, மூலையெல்லாம் இருட்டு. பப்படக் காரத்தையும் உப்பையும் ஒரு கருப்புச் சட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்து மாவில் விட்டுப் பிசைந்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் கொண்டுவந்து இடிக்கப்போகும்போதுதான் நிறம் தெரிந்திருக்கிறது. ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம் நிறைய ரோஸ் மாவு மலை மாதிரி இருந்தது. ஓரகத்திகள் இரண்டு பேரும் முழங்கை வரை ரோஸாக, கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். சாந்தா பாய் திட்டவில்லை. தாம்பாளத்தின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செறளாயியில் ஒரு கல்யாணம், நாளைச் சாயங்காலத்துக்குள் பப்படம் காய்ந்து போய்ச் சேர வேண்டும், இருந்த மாவு முழுவதும் இதுதான், ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை என்று யாரிடமோ சொல்வது போல மெல்லிய குரலில் சொன்னாள். “வாக்கு கொடுத்துட்டேன்” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததில் கன்னமும் ரோஸ் ஆயிற்று. அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு, பட்டத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

மாமனார் மட்டும் மாவைப் பார்க்கவில்லை. அறையின் மூலையில், எங்கள் சுவரை ஒட்டி, தாழ்வாக இருந்த ஒரு பித்தளைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் குங்குமம் இட்டிருந்தது. அதன் பிடியில் ஒரு செம்பருத்திப்பூ. அவர் போய் அதைத் திறந்தார். ரோஸ் தண்ணீர் கொட்டியது. மூடினார்.

“இந்தக் குழாய் எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டார். நேராக அவளிடமே கேட்டார்.

“பண்டே இருக்கு சாமி. வீடு வாங்கினப்பவே இருந்தது. போன கொல்லம்தான் மாவு வேலையை இந்த முறிக்கு மாத்தினேன். வாசல் குழாய்ல வெள்ளம் நின்னாலும் இதுல வரும். தேவி கொடுக்கறதுன்னு நான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். எங்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். “சாமீ! இது உங்க வெள்ளமா?”

வீட்டை இரண்டாகப் பிரித்தவர்கள் சுவரை எழுப்பினார்களே தவிர, அடியில் ஓடின குழாயை வெட்டவில்லை. எங்கள் தொட்டித் தண்ணீர் பழைய வழியிலேயே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் குழாயைத் திறந்து திறந்து மூடினதில், நடுவில் துருப்பிடித்த இணைப்பு ஆட்டம் கண்டு ஒழுகி, இரண்டு பக்கமும் சுவரை நனைத்திருக்கிறது. ஈரத்துக்கு அந்தப் பக்கம்தான் காரணம் என்று மாமனார் சொன்னதும் சரி, தொட்டித் தண்ணீர்தான் ஒழுகுகிறது என்று அவள் சொன்னதும் சரி. ஒரு வருஷம் சண்டை போட்டதில் இரண்டு பேருமே நியாயஸ்தர்கள்.

சாந்தா பாய் எழுந்து நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. தெரியாமல் செய்தாலும் ஒரு வருஷத் தண்ணீர். அதுவும் யாருடைய தண்ணீர்? சொம்பில் அளந்து குளிக்கிற மனுஷருடைய தண்ணீர். மாமனார் தொண்டையைக் கனைத்தார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குடையை எடுத்துண்டு வா” என்று இவரிடம் சொன்னார் மாமனார். குடை வந்தது. விரித்துப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். “எங்கே போறார்?” என்று இவரைக் கேட்டேன். “போட்ல ஏறி வல்லார்பாடம் தீவுல போய் உக்காந்துப்பாரோ என்னமோ” என்றார் இவர். (அப்பாவைப் பற்றி அவருக்கும் எனக்கும் தெரிந்தது கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.)

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் மாமனார் திரும்பி வந்தார். முன்னால் அவர் குடையோடு. பின்னால் ஒரு கைவண்டி. வண்டியில் ஒரு மூட்டை உளுத்தம் மாவு. தன் முதலாளியை வீட்டிலிருந்து கிளப்பிக் கூட்டிப்போய்க் கிட்டங்கியைத் திறக்கச் செய்திருக்கிறார். விடுமுறை நாளில் முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்கிற மனுஷர் அல்ல அவர். அன்றைக்கு நின்றார்.

“எறக்குங்கோ” என்றார். “எல்லாரும் உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள போட்டுடலாம்.”

அதற்குப் பிறகு நடந்தது ஒரு கல்யாண வீட்டு வேலை மாதிரிதான். மாவைப் பிசைய எங்கள் வீட்டு அண்டாவிலிருந்து, காலையில் பிடித்து வைத்த சாயமில்லாத தண்ணீர் போயிற்று. இவரும் ஒரு ஓரகத்தியும் மாற்றி மாற்றி மாவை இடித்தார்கள். மாமியார் உட்கார்ந்த வேகத்தில் பப்படம் இட ஆரம்பித்ததைப் பார்த்துச் சாந்தா பாயே, “மாமி, நீங்க எங்க ஜாதிதான்” என்றாள். மாமனார் கொல்லையில் பாய்களுக்கு நடுவே குடையோடு நின்று காக்கை ஓட்டினார். எந்தக் காக்கையும் கிட்டே வரவில்லை. அவர் கனைத்தாலே போதுமாக இருந்தது.

எனக்கும் ஒரு பலகையும் குழவியும் கொடுத்தார்கள். வட்டம் என்பது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் சம தூரம். ஆனால் மாவுக்கு அது தெரியவில்லை. நான் இட்ட முதல் பப்படத்தைச் சாந்தா பாய் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது வெலிங்டன் தீவு” என்றாள். அடுத்ததை எடுத்தாள். “இது வல்லார்பாடம். இந்தக் கோணல்ல ஒரு மாதா பள்ளி வெச்சா அப்படியே இருக்கும்.”

ஓரகத்திகள் சிரித்தார்கள். மாமியார் சிரித்தார். அப்புறம் சாந்தா பாயே தன்னை அடக்க முடியாமல் சிரித்தாள். என்னுடைய தீவுகளை எல்லாம் தனியாக ஒரு பாயில் காயவைத்தார்கள். கல்யாணத்துக்கு அவை போகவில்லை. மற்றவை நல்ல வெயில் வாங்கி, மறுநாள் சாயங்காலம் கூடை கூடையாகச் செறளாயிக்குப் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை வறீது சேட்டன் சிமெண்டோடு வந்தார். ரோஸ் பொட்டு தெரிந்த இடத்தைக் காட்டினோம். பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஞான் அப்பவே பறஞ்சேனே, லீக்கு மாறிப்போயின்னு!” என்றார். காரையைப் பெயர்த்தார். உள்ளே குழாய் இணைப்பு துருவில் அரித்துக் கிடந்தது.

“வெட்டி அடைச்சிடட்டா சாமி?” என்று கேட்டார்.

கோணித்துணிக்கு அந்தப் பக்கம் சாந்தா பாய் நின்றிருந்தாள். கண்ணில் படவில்லை, ஆனால் வளையல் சத்தம் கேட்டது.

“வேண்டாம்” என்றார் மாமனார். “ஜாயிண்டை மட்டும் மாத்து. ஒரு வருஷமா நம்ம ஜலத்துல பண்ணின பப்படத்தைத்தான் ஊரே சாப்பிட்டிருக்கு. இப்போ நிறுத்தினா ருசி மாறிடும். எல்லாரும் அவாளைத்தான் குத்தம் சொல்லுவா.” பிறகு ஓட்டைப் பக்கம் திரும்பாமலே கொஞ்சம் உரக்க, “எடுக்கறச்சே ஒரு வார்த்தை சொன்னாப் போறும்” என்றார்.

“பறயாம் சாமி” என்றது ஓட்டை.

வறீது துருப்பிடித்த துண்டை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் துண்டை வைத்தார். மரைகளில் சணல் நாரைச் சுற்றி, பெயிண்டைத் தடவி, ஸ்பானரால் கிறீச்சென்று முறுக்கினார். பிறகு செங்கல்லை வைத்துச் சுவரைப் பூசினார். கொஞ்ச நாளில் சுவர் காய்ந்தது. தொட்டியில் சாயங்காலம்வரை தண்ணீர் நின்றது. என்ன, ஒரு வாரத்துக்கு நாங்கள் தோய்த்த வேஷ்டிகள் எல்லாம் இளம் ரோஸில் இருந்தன. இவர் அதைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போக முடியாது என்று பேண்ட்டுக்கு மாறினார். திரும்ப வேஷ்டிக்கு வரவே இல்லை.

மிச்சம் இருந்தது ரோஸ் மாவு. உளுந்தை வீணாக்க இரண்டு வீட்டுக்கும் மனசு வரவில்லை. அதையும் பப்படமாக இட்டு எங்களுக்கே கொடுத்துவிட்டாள் சாந்தா பாய். எண்ணெயில் போட்டால் அது பூப்போலப் பொரிந்து, ஓரத்தில் ரோஸும் நடுவில் பொன்னிறமுமாக வரும். மாசக்கணக்கில் அதைத்தான் சாப்பிட்டோம். மாமனார் இரண்டாவது ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

தெருவில் எனக்கு ‘ரோஸ் மாமி’ என்று பெயர் வந்தது. வீட்டில் நான், “இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு” என்று ஆரம்பித்தால் போதும், இவர் சுவரில் தட்டி, “சாந்தா பாய், மாவை மூடி வையுங்கோ!” என்று கத்துவார். அந்தப் பக்கத்திலிருந்து, “மூடியாச்சு!” என்று பதில் வரும். இதெல்லாம் போகட்டும். இதற்குமேல் ஒன்று நடந்தது.

பல வருஷம் கழித்து என் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மெட்ராஸ். பப்படம் சாந்தா பாய் வீட்டிலிருந்துதான். அவள் அப்போது வயதாகி ஓய்ந்திருந்தாள், ஆனாலும் வேண்டுமென்றே கூடையின் மேல் ஒரு அடுக்கு ரோஸ் பப்படம் வைத்து அனுப்பியிருந்தாள். விஷயம் தெரியாத பரிசாரகர் அதையும் பொரித்துச் சம்பந்திகள் பந்தியில் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது என்ன, உங்க பக்கத்து வழக்கமா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கொஞ்சமும் கண் சிமிட்டாமல், “ஆமாம், எங்காத்துச் சம்பிரதாயம். கல்யாணத்துல இது இல்லாம இருக்கப்படாது” என்றார்.

அந்த அம்மாள் சாஸ்திர சம்பிரதாயத்தில் ரொம்பப் பிடிப்பு உள்ளவள். அடுத்து அவள் இளைய பிள்ளையின் கல்யாணத்துக்கு, எங்கிருந்தோ சொல்லிச் செய்து ரோஸ் பப்படம் வரவழைத்தாள். அவள் பார்த்துச் செய்ததால் அவள் தங்கை வீட்டிலும் செய்தார்கள். தங்கையின் நாத்தனார் வீட்டுக்கும் போயிற்று.

போன வருஷம் அந்தக் கூட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போயிருந்தேன். பந்தியில் என் இலையில் ஒரு ரோஸ் பப்படம் விழுந்தது. பக்கத்தில் நன்றாகப் படித்த பையன், கண்ணாடி போட்டவன். எனக்குத் தெரியாது என்று நினைத்து விளக்க ஆரம்பித்தான். “மாமி, இது கேரளாவுல ரொம்பப் பழைய ஆசாரம். வெள்ளை பிறந்த வீடு, சிவப்பு புகுந்த வீடு. ரெண்டும் கலந்தா ரோஸ். அதுக்குள்ள பெரிய தத்துவம் இருக்கு” என்றான்.

“அப்படியா?” என்று கேட்டுக்கொண்டு, இன்னும் ஒன்று போடச் சொன்னேன்.